ஒரு சாண் இடைவெளி

நுவரெலியா
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி ஜெரோமிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் கை எப்படி? சுட்ட இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிவிடு. குளிருக்குத் தோல் இழுக்கும்.

இங்கே ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்குகிறார்கள். அறைகளுக்குக் குளிர் காயும் இரும்பு விறகு அடுப்பு பொருத்தும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. இது சரியாக முடிந்தால் அடுத்த பங்களாவும் எனக்குத்தான். ஆனால் போன நத்தார் பண்டிகைக்கு நான் நம் ஒற்றையறைக் காம்பராவில் வைத்துத் தந்த அடுப்பால் லயத்து வரிசை வீடுகள் எரிந்தன என்று இந்த ஹோட்டலின் காப்புறுதிக் கம்பெனியில் யாரோ சொல்லிவிட்டார்கள். விசாரிக்க ஸஜ்ஜாத் என்று ஒருவர் வருவார்.

அன்றைக்குத் தோட்டத் தலைவரிடம் நான் சொன்னதையே நீயும் சொல். அடுப்புக்குப் பின்னால் மிலாறு விறகை அடுக்கினாய், அது பற்றிக்கொண்டது. பொய்யில்லையே. அவர் வருவதற்குள் அந்த அடுப்பைப் பெயர்த்து வை. கினிகத்தேனை பழைய இரும்புக் கடைக்கு ஏற்ற வேன் அனுப்புகிறேன். இந்த வேலை கையில் நிலைத்தால் உங்களுக்கு ஒரு நல்ல காம்பரா கட்டித் தருவேன்.

அன்புடன் அண்ணன்,
ஜெனுஷன்

---

லயம், ஹட்டன்
13 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

கடிதம் தோட்டத்து ஆபிஸில் கிடந்து நேற்றுத்தான் கைக்கு வந்தது. அப்பாவின் விரல்கள் மடங்குவதில்லை. சோற்றை நான் பிசைந்து ஊட்டுகிறேன். எரிந்த காம்பராக்கள் அப்படியே நிற்கின்றன. பழைய ஸ்டோரில் தறப்பாள் கட்டி இருக்கிறோம். பக்கத்து மறைப்பில் அம்மாக்கண்ணு அக்கா. அவருடைய காம்பராவும் நம்முடையதோடு போனதுதானே. அவர் என்னோடு பேசுவதில்லை.

நீங்கள் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து எனக்கு இங்கே பெயர் "நெருப்பு வச்சவ". பிள்ளைக்காம்பராவில் வேலை போய்விட்டது. எந்தத் தாயும் பிள்ளையை என் கையில் தரவில்லை. ஆபிஸில் எனக்காக ஒரு வார்த்தை பேச உங்களைக் கேட்டேன். நீங்கள் வரவில்லை.

போகட்டும். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். வேன் வேண்டாம். மேல் லயத்து அழகன் அண்ணன் அடுப்பைப் பெயர்த்துத் தருவார். ஒன்று மட்டும். வருகிறவர் அடுப்பு விஷயம் கேட்டால் நான் முழிக்கக் கூடாது. பங்களாவில் எப்படிப் பொருத்துகிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.

ஜெரோமி

---

நுவரெலியா
19 ஆகஸ்ட் 2024

என் தங்கமான தங்கச்சிக்கு,

படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கூடப் பிறந்த இரத்தம் விட்டுக்கொடுக்காது.

இங்கே எல்லாம் அளவுதான். பலகைச் சுவரென்றால் அடுப்பு மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். அடியில் கருங்கல் பலகை. அது அடுப்பு வாசலுக்கு முன்னால் ஒன்றரை அடி நீண்டிருக்க வேண்டும், தணல் தெறித்தால் மரத்தரையில் விழாமல். சுற்றிலும் விட்ட இடத்தில் ஒன்றும் வைக்கக் கூடாது. முதலாளியம்மா ஒரு பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து வைத்தார். நானே தூக்கி வெளியே வைத்தேன். காலி இடம்தான் பாதுகாப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். போன வருஷம் அடுப்புப் பயிற்சிக்குப் போய் வந்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இதையெல்லாம் ஸஜ்ஜாத்திடம் சொல்லாதே. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் இந்த அளவுக்கு எங்கே போவது? கேட்டால், லயத்தில் எல்லோரும் பலகையோரம்தான் அடுப்பு எரிக்கிறோம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
ஜெனுஷன்

---

லயம், ஹட்டன்
1 செப்டெம்பர் 2024

அண்ணனுக்கு,

ஸஜ்ஜாத் வந்தார். அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. நீங்கள் சிமெந்து வைத்து இறுக்கிய கால்களை யாரும் தொடவில்லை. சாம்பலை மட்டும் கூட்டி வைத்திருந்தேன்.

மிலாறு அடுக்கியது நான்தான் என்று முதலில் அதையே சொன்னேன். எங்கே என்றார். அடுப்புக்கும் பலகைக்கும் நடுவில் என்றேன். கரிந்து நின்ற பலகைக்கும் அடுப்புக்கும் இடையில் கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சாண்.

"இவ்வளவுதான் விட்டாரா?"

"இவ்வளவுதான் சேர். பங்களாவுல மூணடி விடுவாராம்."

ஊரே கூடி நின்றது. மூன்றடி என்றால் எதுவரைக்கும் என்று அழகன் அண்ணன் கேட்டார். ஸஜ்ஜாத் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் கோடு போட்டார். கோடு அப்பா படுக்கிற இடத்தில் பாதியை விழுங்கிவிட்டது. "அப்ப மாமாவ கூரையில தொங்கவிட்டுட்டுத்தான் குளிர் காயணும்" என்றார் அழகன் அண்ணன். சிலர் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு அக்கா சிரிக்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்:

"அப்ப இந்த வீட்டுல இந்த அடுப்ப வச்சிருக்கவே கூடாதுதானே?"

ஆமாம் என்றார் ஸஜ்ஜாத்.

நீங்கள் இந்த லயத்தில் பிறந்தவர். தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய ஈர மிலாற்றைத் தூக்கி வந்து அடுப்போரம் அடுக்கிக் காய வைத்துத்தான் நாம் வளர்ந்தோம். நீங்களும் அடுக்கினீர்கள். லயத்துக் காம்பராவில் ஒரு சாண் சும்மா கிடக்காது, அதில் எதையாவது திணிப்போம் என்று உங்களுக்குத் தெரியாதா? சுற்றுலா வருகிறவனுக்கு மூன்றடி. பெற்ற அப்பனுக்கு ஒரு சாண். அந்த அடுப்புப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போட்டீர்கள். எரிந்ததும் என்னைக் காட்டிக்கொடுத்தீர்கள்.

போன கடிதத்தில் நான் சொன்னது பொய்தான். உங்களிடம் கற்றது.

ஜெரோமி

---

நுவரெலியா
9 செப்டெம்பர் 2024

ஜெரோமி,

வேலை போய்விட்டது. அடுத்த பங்களாவும் கிடையாது. என் பெயரைச் சொன்னாலே வேண்டாம் என்கிறார்கள். சொந்த அண்ணன் வயிற்றில் அடித்து உனக்கு என்ன கிடைத்தது? இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. ஒரு தடவை என்னோடு பேசச் சொல்.

ஜெனுஷன்

---

லயம், ஹட்டன்
18 செப்டெம்பர் 2024

ஜெனுஷன் அவர்களுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் அம்மாக்கண்ணு அக்கா தன் பேத்தியை என் மடியில் போட்டார். "சளி புடிச்சிருக்கு. வெயில் வந்தா வெளிய தூக்கிட்டுப் போ" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கிடைத்தது அதுதான்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. யாருடையது என்று கேட்டார். யாருக்கோ வந்ததை ஆபிஸில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

"அப்ப வச்சிக்காத. எழுதுனவங்களுக்கே அனுப்பிரு" என்றார்.

இதோடு அனுப்பியிருக்கிறேன்.

மரியநாயகம் மகள்
ஜெரோமி