எத்தனை கட்டை என்று கேட்காத பாட்டு

கிள்ளான்,
ஞாயிறு காலை

தம்பி குகனுக்கு,

வாட்சாப் இருக்கும்போது இப்படித் தாளில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பா உங்களுக்கு அனுப்பச் சொன்ன முறுக்கும் மிளகாய்த்தூளும் வைத்த பெட்டியில் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது, போனில் எனக்கு வார்த்தை வராது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் அப்பாவைக் கல்யாணம் கட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகியும் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள் என்று என் ஊர் ஜெஞ்சாரோமில் இன்னும் என்னைக் காட்டிச் சொல்வார்கள், அந்தப் படிப்பு எதுவும் இதற்கு உதவவில்லை, நீ என்று எழுதுவதா நீங்கள் என்று எழுதுவதா என்பதிலேயே இரண்டு தாள் கிழிந்துவிட்டது. இங்கே அப்பா சுகம், நானும் சுகம். உங்கள் அம்மா படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறேன், அவரை நான் அக்கா என்றுதான் நினைத்துக்கொள்வது. டப்ளின் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, போன மாதம் இருந்த இருமல் விட்டதா.

அப்பா மியூசிக் பேண்டை விட்டு நின்ற செய்தி திருச்செல்வம் அங்கிள் வழியாக உங்களுக்கு வந்ததாகவும், புனிதா சொல்லித்தான் லோகன் நின்றுவிட்டான் என்று அவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அவர் மேல் கோபம் இல்லை, இருபத்தேழு வருடம் அப்பா பக்கத்தில் நின்று கித்தார் வாசித்தவர், வருத்தத்தில் யாரையாவது சொல்லத்தானே செய்வார். ஆனால் நான் சொல்லவில்லை தம்பி. ஆகஸ்டில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண டின்னர். பாட வருகிறவரிடம் எத்தனை கட்டை என்று கேட்டுவிட்டு, கீபோர்டில் சுருதி மாற்றும் பட்டனை ஏற்றியோ இறக்கியோ அவர் தொண்டைக்குத் தோதாக வைத்துக் கொடுப்பதுதானே அப்பாவின் வேலை. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் டத்தோ பட்டம் வாங்கிய பெரியவர் ஒருவர் மேடை ஏறி, ஒரே பாட்டில் நான்கு முறை சுருதியை விட்டு நழுவினார். அப்பாவும் நான்கு முறை பட்டனை அழுத்தி அவர் பின்னாலேயே போனார். கூட்டம் டத்தோவுக்கு நன்றாகக் கை தட்டியது. காரில் ஏறியதும் அப்பா, இத்தனை வருஷமா ஊரில உள்ள தொண்டைக்கெல்லாம் வாசிச்சாச்சு, இனிமே எனக்கு வாசிச்சுக்கறேன் என்றார். நான் சீட் பெல்ட்டைப் போடுங்கள் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அப்பா திருச்செல்வம் அங்கிளிடம் போய்ச் சொன்னபோது, போடா டேய், கடைசி ஜோகெட் டான்ஸுக்கு நான் யாரை வச்சுக்கிட்டு ஆட்டம் காட்டுறது என்று திட்டிவிட்டு, அவரே தோசையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். இப்போது ரவாங்கிலிருந்து ஷாமினி என்ற பெண் வந்து வாசிக்கிறாள், என்னைவிட நல்லா வாசிக்குது அந்தப் பிள்ளை என்று அப்பாவே சொல்கிறார், சொல்லும்போது முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறார்.

விட்ட பிறகு வந்த முதல் சனிக்கிழமை எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நான்கு மணிக்கே குளித்து, மேடைக்குப் போடும் கறுப்புச் சட்டையைப் போட்டு, சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டு முடித்த பிறகுதான் போக இடமில்லை என்று அவருக்கு ஞாபகம் வந்தது. சட்டையைக் கழற்றவில்லை, அதோடு என்னைக் கூட்டிக்கொண்டு பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய், கடலை வைத்து மடித்த அப்பம் பாலிக் வாங்கித் தின்றார். அடுத்த வாரம் ஸ்ரீ கெம்பாங்கானில் என் லேப்பில் வேலை செய்யும் பெண்ணின் கல்யாண டின்னர், அதற்கு இரண்டு பேரும் விருந்தாளியாகப் போனோம். மேடையில் ஒரு மாமா ஏதோ பாட ஆரம்பித்தார், மேசைத் துணி மேல் அப்பாவின் விரல் தானாக இரண்டு முறை அழுத்தியது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுப் பிரியாணி இவ்வளவு சூடா இருக்கும்னு எனக்குத் தெரியாதே என்றார். ஐஸ்கிரீம் உருகுவதற்கு முன்னால் தின்றதும் அன்றைக்குத்தானாம்.

இப்போது சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஹாலில் உட்கார்ந்து வாசிக்கிறார். ஒரு வரி பிடித்துப்போனால் அதையே அரை மணி நேரம் வாசிப்பார், தப்பு வந்தால் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார், கேட்க ஆளில்லை. பக்கத்து வீட்டு ஹாஜிரா ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, என்ன லோகன் அண்ணே, யார் வீட்டு விசேஷத்துக்கு ரிஹர்சல் என்று கேட்டார். என் வீட்டு விசேஷம்லா என்று இவர் சொன்னார். கிளினிக்கில் பிரஷர் பார்த்தபோதும் இறங்கியிருந்தது, மாத்திரையைக் குறைக்கலாம் என்றார்கள். எனக்கும் மனதில் இருந்த பாரம் இறங்கியது. வாசிப்பதை விட்டால் மனிதர் என்ன ஆவாரோ என்று பயந்திருந்தேன், அவர் விட்டது வாசிப்பதை அல்ல.

ஒரே ஒரு பாட்டை மட்டும் தொடங்கி, இரண்டு வரியில் நிறுத்திவிடுகிறார். மூன்று நாள் பார்த்துவிட்டு என்ன பாட்டு என்று கேட்டேன். கோயில் திருவிழா மேடையில் பதின்மூன்று வயதில் நீங்கள் பாடிய முருகன் பாட்டு என்றார். முந்தின வருடம் நீங்கள் பாடிய அதே ஐந்தரைக் கட்டையில் வாசித்தாராம். உங்கள் குரல் அதற்குள் உடைந்திருந்தது, மேலே போகாமல் கிறீச்சிட்டது, முன்வரிசையில் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஊரில எல்லாரையும் எத்தனை கட்டைன்னு கேட்டேன் புனிதா, என் பிள்ளைதானேன்னு அவனை மட்டும் கேட்கலை என்றார். அப்போதாவது பட்டனை அழுத்தியிருக்கலாமே என்றேன். கை வரலை என்றார். பேண்டின் பெயர் கெடக்கூடாது என்று அப்பா உங்களைப் பார்த்தும் பாராமல் வாசித்தார் என நீங்கள் உங்கள் அம்மாவிடம் சொன்னது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் அவர் முன்னால் பாடியதில்லை என்றும் சொன்னார். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் போன் செய்து மழையைப் பற்றி மட்டும் பேசுவது அவர் சொல்லி எனக்குத் தெரிந்தது அல்ல, நானே பார்த்தது. இதை உங்களுக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

மிளகாய்த்தூள் டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள், ஈரம் பட்டால் கட்டி பிடிக்கும். இரவு வேலை முடிந்து வெறும் ரொட்டியோடு படுக்காதீர்கள். அக்காவும் கிள்ளான் முருகனும் உங்களுக்குத் துணையிருக்கட்டும், நீங்கள் நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும்.

கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. என்னை ஆன்டி என்று கூப்பிடுவதை மாற்ற வேண்டாம், அது இல்லை. அந்தப் பாட்டின் முதல் இரண்டு வரியைப் போனில் பாடி அப்பாவுக்கு அனுப்புவீர்களா. சனிக்கிழமை என்றால் அவர் வீட்டில்தான் இருப்பார். நன்றாக வர வேண்டும் என்று இல்லை, இப்போது உங்களுக்கு எந்தக் கட்டையில் வருகிறதோ அதிலேயே பாடுங்கள், அவர் அதற்குத் தோதாகச் சுருதி வைத்துக்கொள்வார்.

அன்புடன்,
புனிதா ஆன்டி