கை அழுக்காகும் முன் எழுதியது

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்பில் சொல்லிக்கொள்ளும்படி குறை ஒன்றுமில்லை. வண்டிக்குத்தான் இருக்கிறது. போனில் பேசினால் உன் காதுமெஷின் விசிலடிக்கிறது என்று நீயே சொன்னதால் எழுதுகிறேன். அதோடு, போனில் நீதான் பேசுவாய். கடிதத்தில் என்றால் நானும் நாலு வார்த்தை முடித்துக்கொள்ளலாம்.

போன சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனபோது அடியில் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்திருந்தது. துணியைச் சுற்றி மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனேன். நாங்கள் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஹோஸை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கும் எனக்கும் ஒரே வயசு. எனக்கு முட்டி வீங்குது, இதுக்கு இடுப்பு வீங்கியிருக்கு. என்னை மாத்த முடியாது, இதை மாத்திடலாம்" என்றார்.

புது ஹோஸை நானே மாட்டினேன். கிளிப்பைச் சரியாக முடுக்கினேனா என்ற சந்தேகத்தில் மூன்று தடவை இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூன்று தடவையும் சரியாகத்தான் இருந்தது. பராமரிப்பு நோட்டில் வழக்கம்போல் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை எல்லாம் எழுதிவைத்தேன். இது நாலாவது நோட்டு.

இனி எழுத அதிகம் இருக்காது. கண் டாக்டர், அசல் டாக்டர், இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்தாலும் இந்த வயதில் ஓட்ட வேண்டாமே என்கிறார். எனக்கும் தைரியமில்லை. போன மாதம் பின்னால் எடுக்கும்போது சொந்த வீட்டுக் கேட்டையே உரசினேன். அதனால் விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். அடுத்த தெருவில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். பழைய வண்டியென்றால் அவருக்கு உயிராம். வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் அப்படிச் சொன்ன அன்று முழுவதும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அச்சகத்துக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் நீ எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. எந்த கியர் எந்தப் பக்கம் என்று நான் படம் வரைந்து டாஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். நீ அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "கியரைக் கண்ணாலயா போடுவ? கையால போடுடா" என்றாய். பிறகு அந்த மழை நாள். வைப்பர் நின்றுபோய், அதில் கயிறு கட்டி, ஒரு ஜன்னல் வழியாக நானும் மறு ஜன்னல் வழியாக உன் தம்பி பெண்டாட்டியும் மாறி மாறி இழுத்தோம். நடுவில் நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "புருஷன், பொண்டாட்டி, புருஷன், பொண்டாட்டி" என்று தாளம் போட்டாய். அவள் போய் ஏழு வருடமாகிறது. கடைசி வரை அந்தத் தாளத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரு ஹோஸுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கண்ணைப் பற்றி நாலே வரி. முதலில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு. வண்டியை அப்புறம் பார்க்கலாம்.

நானும் உன் அத்தானும் இருக்கிறோம். அவருக்கு மாடிப்படி ஆகவில்லை, எனக்குக் காது ஆகவில்லை. அவர் கீழேயிருந்து கூப்பிடுவார், எனக்குக் கேட்காது. நான் மேலேயிருந்து கூப்பிட்டால் அவரால் ஏற முடியாது. அதனால் சண்டை குறைந்திருக்கிறது.

வண்டியை விற்பது பற்றி என்னிடம் யோசனை கேட்கிறாயா, சும்மா சொல்கிறாயா என்று தெரியவில்லை. என்னிடம் கேட்காதே அப்பா. உன் வண்டியையே மரக்கிடங்குச் சுவரில் கொண்டுபோய் மோதியவளுக்கு அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? போன வாரம்கூட மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே யாரோ வந்ததும் உன் அத்தான் அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார். "தூங்கிக்கிட்டு வந்தேன். கண்ணைத் தொறந்தா எதிர்ல சுவரு. இவ பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை அமுக்கிட்டா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருடமாகச் சிரிக்கிறேன், பழகிவிட்டது.

ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. காலில் செருப்பை மாட்டும்போது சில நாள் வலது காலை நின்று பார்ப்பேன். ஒன்பது வருடம் பிரசவ ஆஸ்பத்திரி வேனை ஓட்டி, வலியெடுத்த பெண்களைக் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த கால் இது. ஒரே ஒரு நாள் எப்படி மாற்றி மிதித்தது என்று இன்னும் விளங்கவில்லை. விளங்காததாலேயே அதன் பிறகு ஓட்டப் பயந்தேன். வேனை விட்டுவிட்டு ஆபீசில் சீட்டு எழுதும் வேலைக்கு மாற்றல் கேட்டேன். சரி, அதெல்லாம் பழைய கதை.

நீ உன் நோட்டோடு வண்டியைக் கொடுத்தால் யாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். உன்னை மாதிரி வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

உன் அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது. இதையும் கிழிக்காமல் இருக்க, எழுதி முடித்ததும் கையோடு தபால்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன்.

நீ காலை மாற்றி மிதிக்கவில்லை. வண்டியில் பிரேக் இல்லை. அது என் தவறு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

விபத்துக்கு இரண்டு நாள் முன், சனிக்கிழமை மாலை, பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் வாஷர் தேய்ந்து ஆயில் கசிந்திருந்தது. புது வாஷரும் ஒரு டின் பிரேக் ஆயிலும் வாங்கி வந்து வைத்தேன். மறுநாள் ஞாயிறு காலையில் வேலை செய்வதாக இருந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரிந்திருக்காது. கிரீஸ் கையோடு நோட்டைத் தொட்டால் தாள் கறையாகிவிடும் என்று, வேலையைத் தொடங்கும் முன்பே, கை சுத்தமாக இருக்கும்போதே, செய்யப்போவதைச் செய்ததாக எழுதிவிடுவேன். அன்றும் எழுதினேன்: "பின்சக்கர வாஷர் மாற்றியது. பிரேக் ஆயில் நிரப்பியது." பேனாவை மூடும்போதே ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டார். ஆவண அறையில் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே வரச் சொல்கிறார்கள் என்று. அன்று முழுவதும் நனைந்த கோப்புகளைக் கயிற்றில் காயப்போட்டோம். வீட்டுக்கு வந்து படுத்ததுதான் தெரியும்.

திங்கட்கிழமை காலை நீ வந்து சாவி கேட்டாய். "பிரேக்கெல்லாம் சரியா இருக்காடா?" என்று கேட்டாய். எப்போதும் கேட்பாய். நான் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நேத்துதான் மாத்தினேன்க்கா" என்றேன். பொய் சொல்லவில்லை அக்கா. வேலை நின்றுபோனது ஞாபகத்திலேயே இல்லை, என் கையெழுத்தை நானே நம்பினேன்.

விபத்துக்குப் பிறகு, கட்டுப் போட்ட கையோடு நீ எத்தனை தடவை சொன்னாய், "பெடல் தரை வரைக்கும் போச்சு" என்று. முன்பக்கக் குழாய் சுவரில் மோதி உடைந்து, மிச்சமிருந்த ஆயிலும் ரோட்டில் கொட்டிக் கிடந்ததால் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தான் என்னைக் கேட்டார். நான் நோட்டை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டினேன். அவர் அதை உரக்கப் படித்துவிட்டு உன்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நீ பெடலைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அலமாரியில் அந்த ஆயில் டின்னைப் பார்த்தேன். சீல் உடைக்காமல் இருந்தது. வாஷர் காகித உறையிலேயே இருந்தது.

அன்றே உன்னிடம் ஓடிவந்திருக்க வேண்டும். புறப்பட்டேன். உன் தெருமுனை வரை வந்தேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நின்றேன், பிறகு திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் என்று நினைத்தேன். அதற்குள் நீ சிரிக்கத் தொடங்கிவிட்டாய். நீயே சிரிக்கிறாயே, ஆறிவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு வசதியாக நினைத்துக்கொண்டேன். நீ மாற்றல் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. கை வலிக்காகத்தான் கேட்கிறாய் என்று சொல்லிக்கொண்டேன். செருப்பை மாட்டும்போது காலைப் பார்ப்பாய் என்று தெரியாது. உன் கடிதத்தில் அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. மீதியை மறுநாள்தான் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வந்தார். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நாலு நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். "சார், வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டியதே இல்ல. இவ்வளவு எழுதுற மனுஷன் எதையும் விட்டிருக்க மாட்டார். நோட்டையும் சேத்துக் குடுத்துடுங்க" என்றார். கண் ஆபரேஷன் முடியட்டும் என்று ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். இன்னொருவரும் அந்த நோட்டை நம்பி ஏறிவிடக் கூடாது.

அந்த விபத்துக்குப் பிறகு ஒரு வரிகூட வேலைக்கு முன்னால் எழுதியதில்லை. அடுத்த மூன்று நோட்டிலும் ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் கறை. அன்றோடு மூடிய முதல் நோட்டு மட்டும் சுத்தமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கும் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கேட்காமல் விடுகிறேன். இதை அத்தானிடமும் உன் மகனிடமும் நீ காட்டலாம். காட்டச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். கிடைக்காமல் போயிருந்தால் என்று ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். அதில் எழுதியது ஒரு வரி விடாமல் ஞாபகம் இருக்கிறது, வேண்டுமென்றால் மறுபடி எழுதி அனுப்புகிறேன்.

இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பச்சை வண்டி இவ்வளவு பச்சை என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் சாம்பல் நிறத்துக்கு மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் தூசி பக்கம் போகக் கூடாது என்பதால் மெக்கானிக் டாக்டரை வரவழைத்து நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "எதுக்கு சார்? விக்கப்போற வண்டிதானே, பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்றார். காரணம் சொன்னேன். உனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தம்மா ஓட்டி நான் பார்த்திருக்கேன் சார். கியர் மாத்துறது காதுல விழாது" என்றார். போகும்போது வழக்கமான வணக்கம்கூடச் சொல்லவில்லை.

வாத்தியாரிடமும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நீ பதில் எழுத வேண்டும் என்று வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று அத்தானை விட்டு ஒரு வரி எழுதச் சொன்னால் போதும்.

உன் தம்பி


ஜூலை 26

தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. பதில் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

முதல் வாரம் உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். தினமும் எடுத்துப் படிப்பேன், மறுபடி வைப்பேன். உன் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஒரு நாள் பஸ் ஏறி வந்து உன்னை நாலு அறை அறையலாமா என்றுகூட இருந்தது. கண்ணில் கட்டோடு இருப்பாயே என்று விட்டேன்.

டின்னின் சீல் அல்ல எனக்கு வலித்தது. மறதி யாருக்கும் வரும். தெருமுனை வரை வந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான். இருபதடி தூரம் தம்பி. அந்த இருபதடியை நீ நடந்திருந்தால் நான் பன்னிரண்டு வருடம் ஆபீசில் சீட்டு எழுதிக் கிழித்திருக்க மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் கடிதத்தை உன் அத்தான் கையில் கொடுத்து, சத்தமாகப் படியுங்கள் என்றேன். அன்று நோட்டைப் படித்தாரே, அதே மாதிரி. பாதியில் குரல் இறங்கிவிட்டது. "எனக்குக் கேக்கல, இன்னும் சத்தமா" என்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு மெதுவாக, "நான் முழிச்சதே ஒரு சத்தத்துலதான். டக், டக், டக்னு மூணு தடவை, தகரத்துல கட்டையால தட்டுற மாதிரி. நீ பயத்துல காலை உதைக்கிறேன்னு நினைச்சேன். பெடல் தரையில இடிச்ச சத்தமா அது?" என்றார்.

ஆமாம் தம்பி. மூன்று தடவை மிதித்தேன். அவர் சொன்னதும் எனக்கு மற்றதெல்லாம் வந்துவிட்டது. இத்தனை வருடம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணாடிக்கு வெளியே என்ன இருந்தது என்பதையே மறந்திருக்கிறேன். இறக்கம் முடியுமிடத்தில் பஸ் ஸ்டாப். சிவப்புக் குடையோடு ஒருத்தி, அவள் பின்னால் ஏழெட்டுப் பேர். வலது பக்கம் கடைகள். இடது பக்கம் மரக்கிடங்குச் சுவர் மட்டும் ஆளில்லாமல் இருந்தது. கைபிரேக்கை இழுத்துக்கொண்டே சுவருக்குத் திருப்பினேன். அது மோதல் இல்லை. நான் வேண்டுமென்றே போன இடம்.

மகன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "இத்தனை நாள் தப்பான இடத்துல சிரிச்சிருக்கோம்மா" என்றான். உன் அத்தான் அன்று பாத்திரம் கழுவினார். ஒரு தட்டு உடைந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீ அதை நோட்டில் ஏற்றிவிடுவாய். வேலை இன்னும் முடியவில்லை, அதனால் எழுத மாட்டேன். ஆனால் கடிதம் போடுவதை நிறுத்தாதே. நீ நிறுத்தினால் நான் யாரோடு கோபமாக இருப்பது?

வலது கண்ணையும் முடித்துக்கொள். வண்டியை அந்த வாத்தியாருக்கே கொடுக்கலாம், சொன்ன பிறகும் யோசிக்கிறார் என்றால் நல்ல மனிதர்தான். ஆனால் அதற்கு முன் எனக்கு ஒரு வாரம் வேண்டும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன், உன் அத்தானும் வருகிறார். என் லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது, அதனால் ரோட்டுக்கு வேண்டாம். அச்சகத்துக்குப் பின்னால் அந்த மைதானம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்த்து வை. வீடு கட்டியிருந்தால் வேறு இடம் பார்.

ஸ்டியரிங் எனக்கு. நீ பின்சீட்டில் உட்காரலாம், பேசக் கூடாது. பிரேக் சரியாக இருக்கிறதா என்று உன்னிடம் கேட்க மாட்டேன், நோட்டையும் காட்டாதே. நானே மிதித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா