கீழ்த்தட்டு காலியாக இருந்த வீடுகள்

உங்கள் வீட்டுச் சுவரைக் காலையிலிருந்து உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், அக்கா. டிரில்லிங் மிஷின் போடும் சத்தத்தில் என் வீட்டு ஜன்னலும் சேர்ந்து அதிர்கிறது. சிமென்ட் தூள் வாசனை என் சமையலறை வரை வந்துவிட்டது. பயப்படாதீர்கள். வீட்டை விற்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை. சுவிட்ச் போர்டுகளைக் கீழே இறக்குகிறான் உங்கள் மகன். எலக்ட்ரீஷியன் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னா மேடம், இந்த வூட்ல ஒட்டகச்சிவிங்கி ஏதாச்சும் குடியிருந்துச்சா?"

"இல்லப்பா, நாலே முக்கால் அடியில ஒரு அம்மா இருந்தாங்க" என்றேன். அவர் நம்பவில்லை. வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் ஞாபகமும் ஏறிவிட்டது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஏரி உபரி நீரும் ஆற்றுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் நம் காலனிக்குள் வந்த அந்தப் பெருமழையில், பக்கவாதத்தில் படுத்திருந்த உங்கள் வீட்டுக்கார அண்ணனைக் கட்டிலோடு தூக்கிப் படகில் ஏற்றினார்கள். நீங்கள் மாத்திரைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் பின்னாலேயே வந்தீர்கள். அழவில்லை. படகுக்காரரிடம், "பார்த்துப் போப்பா, அவருக்கு இடது பக்கம் வராது" என்று மட்டும் சொன்னீர்கள். அண்ணன் அடுத்த வருஷம் போய்விட்டார். தண்ணீர் மட்டும் அதற்குப் பிறகும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் சுவிட்ச் போர்டெல்லாம் தலைக்கு மேல் போனது. ஃபிரிட்ஜுக்கு சிமென்டில் மேடை கட்டினோம். பீரோவின் கீழ்த்தட்டில் எதையும் வைப்பதில்லை என்று யாரும் சொல்லாமலே எல்லா வீட்டிலும் பழக்கமாகிவிட்டது. மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருந்த உங்கள் மகன் ஒவ்வொரு ஐப்பசிக்கும் அதே பாட்டைப் பாடினான்: "போதும்மா, வித்துட்டு எங்ககூட வந்துடு. அங்க தண்ணியே வராது." "ஆமாண்டா, லாரி வந்தாத்தான் உங்களுக்குத் தண்ணியே வரும்" என்று வாயடைத்து அனுப்புவீர்கள். ஆனால் ஒருநாள் நீங்களே தளர்ந்துபோய் அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். இன்னும் ஒரு தடவை தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் விற்றுவிட்டு வருவதாக. புரோக்கர் மறுநாளே ஆள் கூட்டிக்கொண்டு வந்து வீட்டை அளந்து பார்த்தார். நீங்கள் போய்விட்டால் பக்கத்து வீட்டில் யார் இருப்பார் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பருவநிலை மாற்றத்தால் அடிவாங்கும் ஊர்களுக்கு வெளிநாடுகள் கொடுக்கும் நிதியில் ஏரியிலிருந்து ஆறு வரை மூடுகால்வாய் கட்டப் போகிறார்களாம். நம் காலனிக்கா, வேறு இடத்துக்கா என்று முடிவு செய்ய ஒரு குழு நேரில் வருகிறதாம். சங்கக் கூட்டத்தில் தலைவர், பாவம், பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர், முகம் சுளித்தார். "வெளிநாட்டுக்காரங்ககிட்ட நாம கையேந்தணுமா?" என்றார்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். நின்றாலும் உட்கார்ந்தாலும் உங்கள் உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, குரலில்தான் தெரியும். "ஏந்தறது இன்னா சார்? அவங்க ஊர்ல தாத்தா காலத்துலேர்ந்து காரு, ஃபேக்டரின்னு பொகைய வுட்டுக்கினே இருந்தாங்க. அந்தச் சூடு இங்க மழையா கொட்டிக்கினு கீது. விருந்து சாப்ட்டவங்க எலை எடுக்க வராங்க. வேணான்னு சொல்றதா?"

தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நாம் எல்லோருமாகச் சேர்ந்து கோட்டை விட்டோம். விருந்தாளி வருகிறார்கள் என்றால் நமக்குக் கை சும்மா இருக்காதே. தெரு முழுக்கக் கூட்டிப் பெருக்கி, கோலம் போட்டு, காம்பவுண்டுச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஓடிய அந்தப் பழுப்புக் கோட்டைச் சுத்தமாக அழித்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த உங்களுக்கு அழுக்கு என்றால் ஜென்மப் பகை. பிளீச்சிங் பவுடரும் கையுமாக முன்னால் நின்றதே நீங்கள்தான். காலனி கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது.

வந்தார்கள். குழுவுக்குத் தலைவி ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்ல உயரம். வடை சாப்பிட்டார், காபி குடித்தார், தெருவைப் பார்த்தார், பாராட்டினார். ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர் என்பதால் மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண் தன்கூட வந்த அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: இந்த இடம் நன்றாகத் தேறிவிட்டது, இதைவிட அதிகத் தேவையுள்ள இடம் இருக்குமே. உங்கள் காதில் வந்து சொன்னேன்.

"அடப்பாவமே, நம்ம கையாலயே அழிச்சிட்டோமே டீச்சர்" என்றீர்கள். ஒரு கணம்தான். "அந்தம்மாவ உள்ள இட்டுக்கினு வா. வேர்க்குதுல்ல, ஃபேன் போடறோம்னு சொல்லு."

உள்ளே வந்த அந்தப் பெண், தன் கைக்கு எட்டும் உயரத்தில் சுவிட்ச் இருப்பதைப் பார்த்துத் தானே கையை நீட்டி ஃபேனைப் போட்டுவிட்டார். அவர் உயரத்துக்கு அது அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் சமையலறையிலிருந்து ஸ்டூலை இழுத்து வந்து, முழங்கால் வலியோடு மேலே ஏறி, ஓடிய ஃபேனை அணைத்தீர்கள். மறுபடி போட்டீர்கள். இறங்கி அவர் முகத்தைப் பார்த்தீர்கள்.

"ஏன் இவ்வளவு உயரத்தில்?" என்று அவர் கேட்டார்.

பதிலுக்கு நீங்கள் பீரோவைத் திறந்தீர்கள். கீழ்த்தட்டு காலி. ஃபிரிட்ஜ் மேடையைக் காட்டினீர்கள். அப்புறம் அவர் கையைப் பிடித்து, ஆமாம், கையையே பிடித்து, என் வீட்டுக்கு இழுத்து வந்தீர்கள். என் அலமாரியிலும் கீழ்த்தட்டு காலி. அடுத்த வீடு, எதிர் வீடு. கையேந்தக் கூடாது என்ற தலைவர் வீட்டில் அவர் மனைவி தானே முன்வந்து சமையலறைக் கதவுகளைத் திறந்து காட்டினார். அங்கேயும் காலி. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் நாம் சொல்வதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து கீழே பார்க்க ஆரம்பித்தார். வெள்ளையடித்த சுவருக்குள் இத்தனை வீடுகள் அடுத்த மழைக்காகத் தயாராக நின்றதை அவர் அன்று பார்த்துவிட்டார்.

கடைசியாக நீங்கள் என்னிடம் திரும்பி, "இத மட்டும் அப்படியே சொல்லு டீச்சர். வூட்ல தூக்க முடிஞ்சத எல்லாம் நாங்க தூக்கிட்டோம். ஆத்த எங்களால தூக்க முடியாது" என்றீர்கள். சொன்னேன். வாழ்நாள் முழுக்க இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததில் அதைவிட நல்ல வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

கால்வாய் நமக்கு வந்தது. வேலை முடிவதற்குள் நாம் தின்ற புழுதிக்குக் கணக்கில்லை. வேலைக்காரர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்த கையோடு, "இன்னும் எத்தினி நாளுப்பா பேஜார் பண்ணுவீங்க?" என்று திட்டிவிட்டும் வருவீர்கள். நல்லவேளையாக வேலை முடியும்வரை பெரிய மழை வரவில்லை. முடிந்த வருஷம் கார்த்திகையில் வந்தது. டிவியில் ரெட் அலர்ட் சொன்னதும் உங்கள் மகன் காரோடு வந்து நின்றான், வாக்கைக் காப்பாற்று என்று. நீங்கள் நகரவில்லை.

மறுநாள் காலையில் நீங்கள், நான், மகன் மூவரும் குடை பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனோம். கம்பி மூடிக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு ஆற்றை நோக்கி ஓடியது. எவ்வளவு தண்ணீர்! அத்தனையும் நம் கூடங்களுக்குள் நிற்க வேண்டியது. தெருவில் செருப்பு நனையும் அளவுக்கு மேல் இல்லை. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்து, "இன்னாடா, படகு எங்க?" என்றீர்கள். அவன் சிரித்தான், பிறகு அழுதான். நாம் ஜெயித்துவிட்டோம் அக்கா. அந்தச் சந்தோஷத்தை இதைவிடப் பெரிய வார்த்தையில் சொல்ல எனக்கு இப்போதும் தெரியவில்லை. அன்று மத்தியானம் உங்கள் கல்யாணப் புடவையையும் பைபிளையும் அண்ணன் போட்டோக்களையும் எடுத்துப் பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கினீர்கள்.

இன்னும் இரண்டு மழைக்காலத்தை அதே வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்துவிட்டு, சொந்தக் கட்டிலில் போய்ச் சேர்ந்தீர்கள். வீட்டை விற்கச் சொன்னவன் மேடவாக்கம் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு இந்தக் கோடையில் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டான். இப்போது வேறு ஊர்களிலிருந்தும் நம் கால்வாயைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். உதவி கேட்கப் போகிறோம் என்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்கிறேன்: வருகிறவர்கள் முன்னால் எதையும் பூசி மறைக்காதீர்கள், வெட்கப்படவும் செய்யாதீர்கள்.

மழை பிடித்தால் சாமான்களைத் தூக்கி வைக்க உங்கள் வீட்டுக்கு ஓடும் பழக்கம் மட்டும் என்னை இன்னும் விடவில்லை. போன வாரம் மத்தியானம் வானமே பொத்துக்கொண்ட மாதிரி கொட்டியது. ஓடினேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாய்கூட இல்லாமல் வெறும் தரையில் கன்னத்தை வைத்து உங்கள் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ சொன்னாலும் கட்டில்ல படுக்க மாட்டேங்கிறா ஆன்ட்டி. தரைதான் ஜில்லுனு இருக்காம்" என்றாள் மருமகள்.

வெளியே மழை விடவே இல்லை. நான் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.