கதவின் இரண்டு பக்கமும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. நான் சௌக்கியம். சந்தேகமிருந்தால் மேலாளரைக் கேட்கலாம்; எங்கள் கடிதங்களை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு அவர்தான் உறையை ஒட்டுகிறார்.

இங்கே அப்படி என்ன வேலை என்று அத்தான் கேட்டாராமே. ஹோட்டல் அறைகளில் மாட்டும் நவீன ஓவியங்கள் வரைகிறோம். ஆளுக்கு ஒரு பாணி. என் பக்கத்தில் இருப்பவள் கோடே போடக் கூடாது, வெளிச்சத்தை மட்டும் திட்டுத் திட்டாக அப்ப வேண்டும். எதிரில் இருப்பவள், கனவில் வருவது மாதிரி மீனுக்குக் கால் வைக்கிறாள். இன்னொருத்தி வாளியோடு நின்று சாயத்தை வீசுகிறாள். கோபம் வந்த நாளில் அவளுக்கு வேலை ஜோராக ஓடும். எனக்கு வாய்த்தது கியூபிசம். எதையும் உடைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே சமயத்தில் தெரியும்படி அடுக்க வேண்டும். நடுவில் கடைப் பலகை எழுத்துகளைக்கூடச் சொருகலாம்.

சாப்பாடு, படுக்கை எல்லாம் இதே மாடியில்தான். கதவைப் பூட்டும் வேலைகூட எங்களுக்கு இல்லை, மேலாளரே பார்த்துக்கொள்கிறார். பாஸ்போர்ட்டும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். ஆர்டர் நிறைய இருக்கிறதாம். விலாசம் கேட்டிருந்தாய், தபால்பெட்டி எண்ணே போதுமாம். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை அக்கா.

போன தடவை எங்கள் ஜன்னலை, கம்பியோடு, உள்ளது உள்ளபடி வரைந்து கொடுத்தேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் உனக்கு வரவில்லை. இந்தத் தடவை அறை முழுவதையும் என் பாணியில் வரைந்து காட்டினேன். என்ன கண்றாவி இது என்று சிரித்துவிட்டு, அனுப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நீங்களும் சிரித்துவிட்டு மூலையில் போட்டுவிடாதீர்கள். அத்தான் எத்தனை வீடுகளுக்குக் கதவு மாட்டியவர்! என் கதவு எப்படி வந்திருக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். வந்த அன்று பார்த்த தெருவையும் அழகுக்காகச் சேர்த்திருக்கிறேன். துண்டு துண்டாகத்தான் இருக்கும். பொறுமையாகச் சேர்த்துப் பார், எழுத்துகளையும் விட்டுவிடாதே.

சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது மற்றவர்கள் சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீ மட்டும் என்னைக் கண்டுபிடிக்காமல் போனதே இல்லை. அந்தக் கண் உனக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை