சிங்கப்பூரைப் பார்க்கும் கம்பங்கள்

நகரி, 14-2-1960

தம்பி நாகேந்திரனுக்கு அண்ணன் ஆசி.

ஆசி வழக்கத்துக்கு எழுதியது. மனதில் கோபம்தான் இருக்கிறது.

நான் திருத்தணியில் எல்லைப் போராட்டக் கூட்டத்துக்குப் போன சமயம் பார்த்துத் திருப்பதியிலிருந்து வந்திருக்கிறாய். சிங்கப்பூரோடு ரேடியோவில் பேச நான் வைத்த இரண்டு ஏரியல் கம்பங்களில், தோட்டத்தில் உன் பங்கில் நின்றதைப் பிடுங்கி என் பங்கில் நட்டு, நடுவே வேலியும் போட்டுவிட்டாய். தோட்டத்து ஆள் முனிசாமியைக் கேட்டால், "சின்னவருதான் ரெண்டும் சிங்கப்பூரைப் பாத்துக்கினு நிக்கட்டும்னாரு" என்கிறான்.

கம்பம் என்ன துப்பாக்கியா, குறி பார்த்து வைக்க? இரண்டு கம்பங்களுக்கும் ஒன்றுபோல அலையை ஊட்டி, அரை அலை நீளம், அதாவது முப்பத்துமூன்று அடி தள்ளி நிறுத்தினால், பேச்சு பக்கவாட்டில்தான் போகும். வரிசையின் நேரே போகாது. இடைவெளியை அளந்து வைத்த நீ திசையைக் கெடுத்தாய். போன ஞாயிறன்று சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்ட என் மகன் வெங்கட்டின் குரல் இரைச்சலில் போயிற்று.

பழைய குழியிலேயே நடு.

திருவேங்கடம்

திருப்பதி, 9-3-1960

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

மாடு பயிரைத் தின்கிறதென்று வேலி போட்டேன். உங்களைக் கேட்டால் சண்டை வரும், கேட்கவில்லை. கம்பத்தை நல்லதென்று நினைத்துத்தான் அப்படி நட்டேன்.

வெங்கட்டுக்கு எழுதிக் கேட்டேன். ஒரு கம்பத்தின் கேபிளை மட்டும் அரை அலை நீளம் கூட்டினால், பேச்சு வரிசையின் நேரே அவனிடம் வருமாம். "நைனாவுக்கு ஒரு மணி நேர வேலை சித்தப்பா" என்கிறான். கேபிள் வாங்கி அனுப்பியிருக்கிறேன். வேலியைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் தம்பி
நாகேந்திரன்

நகரி, 15-3-1960

நாகேந்திரனுக்கு,

கேபிளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வெங்கட் சொன்னது எனக்குத் தெரியாததா? நீ நட்டதைப் பார்த்த அன்றே தெரியும். செய்தால் பேச்சு சிங்கப்பூருக்குப் போகும். போனால், நீ நட்ட இடம் சரியென்று ஆகிவிடும். நகரிக்கும் இதைத்தானே செய்தார்கள்? எங்களைக் கேட்காமல் எல்லைக் கோடு போட்டு ஆந்திராவில் சேர்த்துவிட்டுப் பழகிக்கொள் என்கிறார்கள். தாலுக்கா ஆபீசில் தெலுங்கில் மனு எழுதிப் பழகிவிட்டேன். என் தோட்டத்திலும் பழக முடியாது.

ஞாயிறன்று உன் அண்ணி ரத்தினம்மா தானே ரிசீவரைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரைச்சலுக்கு நடுவே வெங்கட் கூப்பிடுவது கேட்டதாம். "ஒரு கேபிளு சேத்தா என்னாய்யா, உன் கை தேஞ்சா போய்டும்?" என்றாள். எழுந்துபோய் அணைத்தேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

கம்பம் பழைய குழிக்குப் போகிறவரை ரேடியோப் பெட்டி மூடியே இருக்கும். வெங்கட்டுக்கு நீயே எழுதிவிடு, இனி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டாமென்று.

திருவேங்கடம்