கோணல் வேலியில் ஸ்டீல் கிட்டார் வாசித்தது யார்

ஆகஸ்ட் 2, 1983

எங்கள் மாவட்டத்தின் வருடாந்திர ‘கவுண்டி சந்தை’ மேடையில் வாசிப்பதற்காக ‘கோணல் வேலி’ இசைக்குழுவின் வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார் நூலகர் திருமதி பெல்ட்டன். சந்தை முடிந்ததும் அது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருக்குமாம், என் பெயரோடு. ஒரே ஒரு இசைத்தட்டு போட்டு, துல்சா நகரத்தைத் தாண்டாமலே கலைந்துபோன கூட்டத்துக்கு வரலாறு! இருந்தாலும் எழுதுவேன். ஒழுங்காக எழுதுவேன்.

ஆகஸ்ட் 4

ராய்ஸ் மாமா. அம்மாவின் அண்ணன், குழுவின் பாடகர், இப்போது தீவனக் கடை. 1971இல் துல்சாவில் மூவாயிரம் பேர் கேட்டார்களாம். பழைய செய்தித்தாளைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் இருந்ததே நானூறு நாற்காலி. கேட்டால், “மிச்சப் பேரு நின்னாங்க” என்கிறார்.

ஆகஸ்ட் 5

டிரம்ஸ் வாசித்த லோனிக்குத் தன் கல்யாண வருடமே நினைவில்லை. இவர் வரலாற்றுச் சாட்சி. பாஸ் வாசித்த ஆர்லிஸ் ஊரை விட்டே போய்விட்டார். அவர் ஒருவர்தான் புத்திசாலி.

ஆகஸ்ட் 8

ஹூட் கிரேடி, ஸ்டீல் கிட்டார். ஆறரை அடி உயரம். அந்த இசைத்தட்டில் பாட்டு அசடு, மாமா மூக்கால் பாடுகிறார். நடுவில் ஸ்டீல் தனியாக வரும் இருபது நொடிக்கு மட்டும் நான் வெட்கப்பட்டதில்லை. எப்படி வாசித்தீர்கள் என்று கேட்டேன்.

“அதெல்லாம் தானா வரும்மா.”

வாசித்துக் காட்டுங்கள் என்றால் மணிக்கட்டு சரியில்லையாம். பன்னிரண்டு வருடமாகவா? அதே கையால் என் கண்முன்னே ஒரு பெட்டி பீரைத் தூக்கினார்.

ஆகஸ்ட் 11

அந்த ஸ்டீல் கிட்டார் எங்கள் கொட்டகையில்தான், தார்ப்பாயின் கீழே கிடக்கிறது. மேஜை மாதிரி நாலு கால், தரையோரம் பெடல்கள், பலகைக்கு அடியில் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள். வாசிப்பவரின் காலை அளந்துதான் இவற்றைப் பொருத்துவார்கள் என்று படித்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தேன். என் முழங்கால்கள் கச்சிதமாகப் பொருந்தின. பாதம் பெடலைத் தொட்டது. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஹூட்டின் முழங்கால் இதற்குக் கீழே நுழையவே நுழையாது!

இசைத்தட்டு உறையை எடுத்துப் பார்த்தேன். அதில் ஹூட் கருவிக்குப் பக்கத்தில் நிற்கிறார். உட்காரவில்லை.

இந்த வீட்டில் என் உயரம் இருப்பவர் இன்னும் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 12

கேட்டுவிட்டேன். அம்மா கோழி இறைச்சி ஆலை வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வீட்டு ஜெபத்தில் வாசிக்க என்று தாத்தா அவளுக்கு வாங்கித் தந்த கருவியாம். அதில் மதுக்கூடப் பாட்டு வாசித்தது மகள் என்று தெரிந்தால் தாத்தா சும்மா விட்டிருப்பாரா? சர்ச் சபையில் அவர் டீக்கன், ஊழியப் பொறுப்பில் இருந்தவர். அதனால் மாமா, குழுவின் வேனை ஓட்டிய ஹூட்டைக் கருவிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்து, அவர் பெயரையே போட்டுவிட்டார். அதற்கப்புறம் போன இடமெல்லாம் அந்த இருபது நொடியைக் கேட்டார்கள். வாசிக்க ஆளில்லை. ஹூட்டின் மணிக்கட்டு கெட்டது அப்போதுதான். அடுத்த வருடமே குழு கலைந்தது.

இதுதான் வரலாறு. தாத்தா இறந்தே ஆறு வருடம் ஆகிறது.

“எழுதாதே, ஓப்பல். உங்க மாமாவுக்கு அது ஒண்ணுதான் இருக்கு.”

அப்போ உனக்கு? கேட்கவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மாமாவை இளக்காரமா நினைக்கிறது சுலபம். அம்மாவையும் அப்படி நினைக்க வேண்டியிருக்கே — அதத்தான் தாங்க முடியல.

ஆகஸ்ட் 19

நான் எழுதிய வரலாற்றை மாமா படித்துப் பார்த்தார். ஸ்டீல் கிட்டாருக்கு எதிரே காலி இடம்.

“ஹூட் பேரு விட்டுப்போச்சே, குட்டி.”

“அவர் வாசிச்சதுக்கு எனக்கு ஆதாரம் கிடைக்கல மாமா.”

பேனாவைப் பிடுங்கி அவரே எழுதினார். நான் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மறுபடி எழுதினேன். காலி இடத்தோடு.

ஆகஸ்ட் 27

சந்தை. வாசித்தேன். பாட்டு, ராய்ஸ். டிரம்ஸ், லோனி. பாஸ், ஆர்லிஸ். ஸ்டீல் கிட்டார் —

நிறுத்தினேன். அம்மாவின் பேச்சையும் மீறக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. இதற்கு மேல் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. மைக் இரைந்தது. மாமா இருமினார். ஹூட் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், சத்தியமாக. முன்வரிசையில் யாரோ, “பேரு மறந்துடுச்சாம்மா?” என்றார்கள்.

ஆப்பிள் பை விற்கும் மேஜைக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: “வெர்னான்னு போடு.”

கத்தவில்லை. உப்பை எடு என்பதுபோலத் தன் பெயரைச் சொன்னாள்.

மேடையிலேயே எழுதினேன். எழுத்து அசிங்கமாக இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் அப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர் 3

மாமாவும் ஹூட்டும் வந்து ஸ்டீல் கிட்டாரைக் கொட்டகையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று ஹூட்டிடம் அக்கறையாக விசாரித்தேன். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கருவியின் கால்களை உயர்த்தி வைக்கட்டுமா என்று மாமா கேட்டதற்கு, இருக்கிற உயரமே போதும் என்றாள் அம்மா.

அம்மா கூடத்தை விட்டு எழவே இல்லை, இன்று சமையல் நான்தான். அம்மாவின் இரண்டு முழங்கால்களிலும் உள்பக்கம் சிவந்திருக்கிறது.