மூன்று நாள் பொறுத்த பதில்

மார்ச் 9, ஞாயிறு. கிள்ளான், மலேசியா

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அலமாரி துடைத்தேன். சிக்கனம், சேமிப்பு பற்றிய புத்தகங்கள் மட்டும் பதினொன்று. குறை சொல்ல மாட்டேன், கிரெடிட் கார்டு கடனிலிருந்து என்னை மீட்டவை அவைதான். எந்தச் செலவுக்கும் மூன்று நாள் பொறுத்து முடிவெடு என்று அவற்றில்தான் கற்றேன்.

ராஜேஸ்வரி அக்காவுக்கும் அதையே செய்தேன்.

மேல்மாடி வீடு. தனி ஆள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் ஒரு திங்கட்கிழமை என் வாசலில் நின்றார்.

"தம்பி, வேலைக்குப் போறப்ப என்னைய சென்டர்ல இறக்கி விட முடியுமா? பஸ்ஸு நேரத்துக்கு வர மாட்டேங்குது லா."

"பாத்துட்டு வியாழக்கிழமை சொல்றேன்க்கா."

பெட்ரோல் கணக்குப் போட்டேன். வியாழன் விடியலில் படியில் அவர் செருப்புச் சத்தம். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்திருந்தேன். பஸ் வரவில்லை, வீடு திரும்பிவிட்டார். எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவருக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 10, திங்கள்

விடிகாலை 5.20. படியில் மறுபடி அதே செருப்புச் சத்தம். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி. என் கதவருகே நின்றது. திறந்தேன். யாருமில்லை.

ஆபீசில் இரண்டு பிழை. பிரிக்ஃபீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையில், ஒரு ஆஸ்பத்திரித் தாதி தன் வேலையைப் பற்றி எழுதிய புத்தகம். கடைக்காரர்: "இது போகவே மாட்டேங்குது பாஸ், அஞ்சு வெள்ளி குடுங்க." உடனே வாங்கினேன்.

மார்ச் 12, புதன்

தாதி எழுதுகிறார்: உதவி கேட்டு வருகிறவர் ஏற்கெனவே பல நாள் பொறுத்துவிட்டுத்தான் வருகிறார்.

மூடி வைத்தேன். அக்கா எத்தனை நாள் பொறுத்தாரோ.

சென்டருக்குப் போன் செய்தேன். வண்டி இல்லாத நோயாளி யாராவது உண்டா?

"லோரி ஓட்டுன அங்கிள் ஒருத்தர் இருக்காரு சார். நாளைக்கே வரீங்களா?"

"வரேன்."

மார்ச் 13, வியாழன்

தூறல். மாணிக்கம் அங்கிள் வாசலிலேயே நின்றிருந்தார். டயாலிசிஸ் அறைக் குளிருக்குக் கையில் போர்வை. காரில் ஏறியதும், "எந்த பிளாட்டு தம்பி?" சொன்னேன்.

"அட, ராஜேஸ்வரி இருந்த பிளாட்டா? சென்டர்ல எனக்கு அடுத்த படுக்கைதான் அது. கடைசியா வந்த செவ்வாக்கிழமை கேட்டேன், கீழ்வீட்ல காரு இருக்கே, கேட்டுப் பாத்தியான்னு. 'இல்லண்ணே, நான் கேக்கல. கேட்டா அந்தத் தம்பி மாட்டேன்னு சொல்லாது'ன்னுச்சு."

சிக்னல் விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன்.

"முந்தின நாளே கேட்டாங்க அங்கிள்," என்றேன்.